சுருக்கெழுத்து

பாடாங் பிரவுன் திடலில் நீ பேசிய கூட்டங்களிலெல்லாம்
இரண்டாவது விளக்குக் கம்பத்தடியில்
நோட்டும் பென்சிலுமாய் நின்றவன் நான்.
பத்திரிகைக்காரன் என்று நினைத்து
ஒருமுறை சோடா கொடுத்தனுப்பினாய்.
குடித்தேன்.

பினாங்கு ரோடு காவல் தலைமையகம், மாடியில் கடைசி அறை.
கோப்பின் முதல் தாளை எனக்கு முன்பே யாரோ தட்டியிருந்தார்கள்:
பவுனாம்பாள், தகப்பன் பெயர் சடையன்,
பிறப்பு சுங்கைப்பட்டாணி அருகே ரப்பர்த் தோட்டம்.
பதினேழு வயதில் பெண்கள் படை.
ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது இருபத்து மூன்று நாள் நடை.
அங்க அடையாளம்: இடது கால் சுண்டுவிரல் இல்லை.

கண்ணால் பார்த்தேயிராத தேசத்துக்கு
நடந்தே கொடுத்த விரல்.
அந்தத் தேசம் விடுதலையானபின் நீ கப்பலேறவில்லை.
ஏன் போகவில்லை என்று கூட்டத்தில் எவனோ கத்தினான்.
மைக்கைத் தட்டிவிட்டுச் சொன்னாய்:
'அங்கே கொடி ஏத்தியாச்சு.
இங்கே குழாயில தண்ணி ஏறல.'

ஏற்றுவதும் ஏறுவதும் ஆங்கிலத்தில் ஒட்டவில்லை.
ஐந்நூறு பேர் சிரித்ததை
'கூட்டத்தில் சலசலப்பு' என்று தட்டினேன்.

பக்கத்துக் கம்பத்தில் கூ நிற்பான்.
நீ ஹொக்கியனுக்குத் தாவியதும்
என் பென்சில் ஓய்ந்து அவனுடையது ஓடும்.
ஒருவரையொருவர் தெரியாதவர்களாய் நிற்போம்,
கூட்டம் கலைந்தபின்
ஒரே தட்டில் மீ கோரெங் சாப்பிடுவோம்.
'நல்லாப் பேசுறா' என்பான் கூ, மலாயில், மெதுவாக.

மாநகர மன்றத்துக்குள் போனாய்.
மலவாளி தூக்குவோருக்குக் கையுறை வேண்டும் என்று
இரண்டு மணி நேரம்.
முழங்கால் வரை பூட்ஸ், அதற்கு இன்னொரு மாதம்.
துப்பாக்கி பிடித்த கை
ரப்பர்க் கையுறையை ஆட்டி ஆட்டிக் காட்டியது.
சாட்சிக்கு வந்த மாயாண்டி தன் விரல்களை மேசைமேல் வைத்தான்.
உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள்.
இதற்கெல்லாம் என் கோப்பில் இடமில்லை.

'தோழர்களே' என்று தொடங்குவாய்.
நான் 'காம்ரேட்ஸ்' என்று தட்டுவேன்,
அதிகாரி சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார்.
என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்ற சவரிராயனும்
மாப்பிள்ளைத் தோழன்தான்.
'நண்பர்களே' என்று தட்டியிருந்தால்
யாரும் என்னைப் பிழை சொல்லியிருக்க முடியாது.

பிறகு அந்த இரவு.
மகளுக்குக் காய்ச்சல், மணி பதினொன்று,
டாக்சி கீழே நிற்கிறது.
'வயிறு எரியுது, மன்றம் பாத்துக்கிட்டு நிக்குது'
என்றிருந்தாய்.
என் தாளில் வயிறு விழுந்துபோய்
மன்றம் எரிந்தது.

தடுப்புக் காவல் ஆணையில் ஏழு வாக்கியங்கள்.
நான்காவது அது.
விசாரணை இல்லை, வக்கீல் இல்லை,
மூலத்தில் என்ன இருந்தது என்று கேட்க ஆளில்லை.
சுருக்கெழுத்து நோட்டு என்னிடம்தான் இருந்தது.
மகளுக்குக் காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கிவிட்டது.

நீ வெளியே வந்தபோது
மன்றத் தேர்தலையே நிறுத்தியிருந்தார்கள்.
கட்சி அலுவலகத்தில் சைக்கிள் உதிரிபாகக் கடை.

பட்டர்வொர்த் படகில், ஓய்வு பெற்ற வருடம்,
எதிர் பெஞ்சில் கங்குங் கீரைக் கட்டோடு ஒரு கிழவி.
செருப்பைப் பார்த்தேன்.
நான்கு விரல்.

'கம்பத்தடியில நிப்பீங்களே, எந்தப் பத்திரிகை?'
'நின்னுபோச்சும்மா.'
'இங்கிலீஷ் எழுதுவீங்கல்ல?
குடிநீர் வாரியத்துக்கு ஒரு மனு.
எங்க பிளாட்டுல பதினோராம் மாடிக்குத் தண்ணி ஏறல.'

கீரை சுற்றிய தாளின் ஓரத்தில் எழுதினேன்.
ஒவ்வொரு சொல்லாய், பள்ளிப் பையன் போல.
அடித்தேன், மறுபடி எழுதினேன்.
ஜார்ஜ்டவுன் துறை நெருங்கிவிட்டது, கயிறு வீசுகிறார்கள்.
பேனாவை வாங்கிக் கையெழுத்திடப் போனவள் நிமிர்ந்து கேட்டாள்:

'நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கீங்க?'