சுரண்டல் அட்டை

தேர்வின் இரண்டாம் பாதியில் பேசலாம்.
பேசியே ஆகவேண்டும். விதி அப்படி.

முதல் நாற்பது நிமிடம் அவரவர் தனி.
வல்திவியாவின் மழை மட்டும்
தகரக் கூரைமேல்
எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.
பிறகு தாள்களை வாங்கிக்கொண்டு
அதே கேள்விகளை நால்வருக்கு ஒன்றாகத்
திருப்பித் தருவேன்.
கூடவே ஓர் அட்டை.
கேள்விக்கு நான்கு வெள்ளிப் பூச்சுக் கட்டங்கள்,
ஒன்றின் அடியில் மட்டும் நட்சத்திரம்.
மற்றவை சுரண்டினால் வெறும் வெள்ளை.
மறுபடி பேசு, மறுபடி சுரண்டு,
ஒவ்வொரு வெள்ளைக்கும் மதிப்பெண்ணில் பாதி போகும்.

பதினேழு ஆண்டு நான்தான் பேசினேன்.
விட்டங்களின் திருப்புத்திறனை
வலமிருந்தும் இடமிருந்தும் கூட்டிக்காட்டினேன்.
அவர்கள் படித்தது என் முதுகை.
புரிந்ததா என்பேன், தலைகள் ஆடும்.
ஆற்றங்கரை மீன் சந்தையில்
கடற்சிங்கங்களும் அப்படித்தான்,
கத்தி ஏறி இறங்க
கூடவே தலையாட்டும்.

துறைத்தலைவர் ஒஸ்வால்தோ கேட்டார்:
வகுப்பில் சும்மா நடக்கிறீர்களாமே?
ஆமாம், நடக்கிறேன்.
ஒரு வகுப்புக்கு இரண்டு கிலோமீட்டர்.
மேசைகளுக்கு நடுவே
வாயை மூடிக்கொண்டு நடப்பதற்கு
பாடம் நடத்துவதைவிட மூச்சு வாங்குகிறது.

ஏழாம் கேள்வி:
சுவரிலிருந்து நீளும் பால்கனி, நுனியில் ஒரு பூந்தொட்டி.
கான்கிரீட்டில் கம்பியை எங்கே வைப்பாய்?

கீழே, என்றான் பல்த்தசார்.
விழுவதைக் கீழிருந்துதானே தாங்கவேண்டும்?
அவன் குரல் மூன்று மேசை தாண்டும்.
ரயேன் பையலேஃப்
அழிரப்பரின் ஒரு முனையைப் பிடித்து
மறுமுனையை அழுத்தினாள்.
மேல்பக்கம் ஒரு கீறல் வாய் திறந்தது.
'மேலே' என்றாள்,
மழைக்குக்கூடக் கேட்டிருக்காது.
கேட்டவள் நான்.
நிற்காமல் நடந்தேன், என் விதி அது.

கீழே: வெள்ளை.
நடுவே: வெள்ளை.
இரண்டிலும் பாதிப்பாதி: வெள்ளை.
மிஞ்சியதைச் சுரண்டத் தேவையில்லை,
இருந்தும் சுரண்டினார்கள்.

சுரண்டியது நூறு பெசோ நாணயத்தால்.
அதில் ஒரு மாபுச்சேப் பெண்ணின் முகம்.
ரயேனின் சாயல் என்று எழுதினால்
கவிதை எனக்குச் சுலபமாகிவிடும்.
சாயல் இல்லை.
ரயேன் கண்ணாடி போட்டவள்,
மூக்கு எப்போதும் சளிபிடித்துச் சிவந்திருக்கும்.

இரவு, விறகடுப்பின் பக்கத்தில் தனித்தாள்களைத் திருத்தினேன்.
அவள் தாளில் ஏழாவது:
மேலே.
பென்சில் அழுத்தத்தில் காகிதம் பொத்தலாகியிருந்தது.
குழுவில் குறைந்தால் தனி மதிப்பெண்ணே நிற்கும்,
அதையும் விதியாக வைத்திருக்கிறேன்.
ஆகவே அவளுக்கு நட்டமில்லை என்கிறது கணக்கு.
கணக்கை நம்பி
விளக்கை அணைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தாழ்வாரத்தில் கேட்டேன்.
'சொன்னேனே, புரொஃபெசோரா.'
இரண்டாம் முறை?
குடையை உதறினாள்.
'எப்படியும் அட்டை சொல்லிவிடுமே.'

ஒஸ்வால்தோவிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் மகிழ்ந்துவிடுவார்.

அடுத்த தேர்வில் ஒன்று மாற்றினேன்:
நால்வரும் காரணம் சொல்லி முடிக்கும்வரை
நாணயம் என் சட்டைப்பையில்.
முனகினார்கள். நேரம் போதவில்லை.
இரண்டு குழுக்கள் கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.
மூன்றாம் கேள்வியில் ரயேன் எழுந்து நின்றாள்,
தாங்குதூண் இடப்பக்கம் என்றாள்.
யாரோ மறுத்தார்கள்.
மறுபடி சொன்னாள்,
படம் போட்டாள், மேசையைத் தட்டினாள்,
பல்த்தசாரையே வாயடைக்க வைத்தாள்.
நாணயம் கேட்டுக் கை நீட்டினாள், கொடுத்தேன்.

வெள்ளை.

'ஐயோ' என்று அவள் போட்ட சத்தத்தில்
முழு வகுப்பும் திரும்பியது.
நாணயம் உருண்டு யார் காலடியிலோ விழுந்தது.
நால்வரும் ஒரே தாளின்மேல் குனிந்தார்கள்.
எங்கே பிசகியது என்று முதலில் கேட்டது யார்
என்பது எனக்குத் தெரியவில்லை,
நான் அறையின் மறுகோடியில் இருந்தேன்.

மாலை கூட்ட வந்தாள் ஓர்தென்சியா.
மேசையெங்கும் வெள்ளித் துகள்,
துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.
இங்கே லாட்டரியா நடக்கிறது, என்றாள்,
யாருக்காவது விழுந்ததா?

ஒரு துணி வாங்கி நானும் துடைத்தேன்.