உப்பெடுத்த சுவர்

பதினெட்டு வருஷம் யூரியா மூட்டை கிடந்த அறை.
அண்ணன் வயலைக் குத்தகைக்கு விட்டதும்
மூட்டைகள் போயின, நான் வந்தேன்.
ஒரு மடிக்கணினி, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி,
சும்மா இருக்கையிலேயே விசும்புகிற ஒரு யுபிஎஸ்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்:
பார்க்காத ஊரில் பார்க்காத ஒருவருக்குப்
பித்தப்பைக் கல் எடுத்த பில்லைத்
திறப்பது, எண் கொடுப்பது, மூடுவது.
ராத்திரி இரண்டு மணிவரை.
நடுவில் நீடாமங்கலம் கேட்டை மூடிக்கொண்டு
சரக்கு வண்டி எஞ்சினை மாற்றிப் பூட்டும்.
அப்போது மட்டும் மைக்கை அணைத்துவிட வேண்டும்.

டியூப்லைட்டில் என் முகம்
ஐஸில் இரண்டு நாள் கிடந்த கெண்டை.
"உடம்பு சரியில்லையா, சௌ?"
என்றார் புனேயிலிருந்து மேலாளர்.
(சௌந்தரநாயகியில் அவ்வளவுதான் அவர் வாயில் நின்றது.)
நான் நன்றாகத்தான் இருந்தேன்.
பின்னாலிருந்த சுவருக்குத்தான் காய்ச்சல்.

பெயின்ட் கடையில் விசிறிபோல் விரித்தார்கள் அட்டையை.
ஆயிரத்து எண்ணூறு நிறம்.
எனக்கு வேண்டியது அதில் இல்லை.
கைப்பையிலிருந்து ஒரு குறுவைக் கதிரை எடுத்து வைத்தேன்,
அறுப்புக்குப் பத்து நாள் இருந்தது அதற்கு.
"இது பச்சையா மஞ்சளா மேடம்?"
"இந்த வெள்ளிக்குப் பச்சை. அடுத்த வெள்ளிக்கு மஞ்சள்."
"அப்ப வியாழக்கிழமை நிறம்"
என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு
டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் ஏற்றினான் பையன்.

சுரண்ட வந்த மரியசூசை
சுவரில் விரலை வைத்து நாக்கில் வைத்தார்.
"உப்புங்க. பதினெட்டு வருஷச் சாப்பாடு உள்ள இருக்கு.
விதையைத் தூவினா முளைச்சுடும்."
பிரைமர் இரண்டு கை, பட்டி ஒரு கை.
மிச்சப் பணத்துக்கு ஒரே சுவர்.

எதை அடிப்பது?
கேமரா பார்க்கும் பின்சுவரையா,
நான் பார்க்கும் முன்சுவரையா?
ஒரு நாள் கூலி வீணாகும்வரை யோசித்தேன்.
பிறகு முன்சுவரை அடித்துவிட்டு
மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
இல்லை, அது பொய்.
முதலில் அப்படித்தான் செய்தேன்,
ஒரு வாரம் கழித்து மறுபடி திருப்பினேன்.
சம்பளம் தருவது கேமரா.

டியூப்லைட் கழன்றது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட
கிளிப் விளக்கு ஒன்று, சுவரைப் பார்த்து.
குப்பைக்கு நீல ஒயர் கூடை.
ஜன்னலுக்கு மன்னார்குடியில் வாங்கிய
வெங்காயச் சருகு நிறத் துணி.
"ஆகா, சௌ" என்றார் மேலாளர்.
அவ்வளவுதான், அந்த ஒரு சொல்லுக்கு
ஒன்பதாயிரத்து நானூறு.

ஐப்பசி மழை.
மூலையில் உப்பு மறுபடி பூத்தது,
மூட்டையின் அதே உயரத்தில், அதே சாய்வில்.
துடைத்தேன், வந்தது. விட்டுவிட்டேன்.

கார்த்திகையில்தான் மற்றது.
ஒரு ராத்திரி எட்டு மணிக்கு
விளக்கைத் தேடி ஜன்னல் வழியே வந்தன,
நெல்மணியில் பாதி அளவு,
தொட்டால் துள்ளும் பச்சை.
பத்து, நாற்பது, எண்ண முடியவில்லை.
என் வியாழக்கிழமைச் சுவர் முழுக்க
யாரோ அடிக்காத பூவேலை.
"வால்பேப்பரா? அழகு" என்றார் மேலாளர்.
"ஆமாம் சார்" என்றேன். காதுக்குள் ஒன்று துள்ளியது.

வயலைக் குத்தகைக்கு எடுத்த தெட்சிணாமூர்த்தி
டார்ச்சோடு வாசலில் நின்றார்.
அலுவலகத்தைப் பார்க்கவில்லை,
திரைச்சீலையைப் பார்க்கவில்லை.
சுவரருகே குனிந்து உதட்டை அசைத்து எண்ணினார்.
"தத்துப்பூச்சி. நேத்து எத்தனை வந்துச்சு?"
தெரியாது என்றேன்.
"நாளைக்குப் பாத்து வைங்க.
ஏறுச்சுன்னா மருந்து, எறங்குச்சுன்னா தண்ணிய வடிச்சா போதும்."

அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு
தொலைபேசியில் ஒரே கேள்வி: "இன்னிக்கி?"
புனே பேசிக்கொண்டிருக்கும்,
யாருக்கோ முழங்கால் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.
நான் எக்செல்லில் புதிதாக ஒரு பத்தி திறந்து
தலைப்புக்கு எதுவும் எழுதாமல்
நிறம் மட்டும் கொடுத்தேன்.
அட்டையில் இல்லாததுதான்.
முதல் கட்டத்தில்: அறுபத்தி இரண்டு.