டயர் கடைக்காரன் வெட்டிய குழி

டகோமாவில், மேட்டுத் தெருச் சரிவில் என் கடை.
இருபத்திரண்டு வருடமாக டயர் விற்கிறேன்.
தேய்ந்து வருவதைக் கழற்றுவேன்,
புதியதை மாட்டுவேன்.
தேய்ந்தது எங்கே போயிற்று என்று
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்டோபரின் முதல் மழைக்கு மறுநாள்
ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தாள் மரெட்டா லுண்ட்கிரென்,
ஓடையில் செத்த மீன்களை எண்ணுகிறவள்.
காற்றழுத்தம் பார்க்க வந்ததாகச் சொன்னாள்.
கவுண்டரில் செல்போனை வைத்தாள்:
கடலிலிருந்து ஏறி வந்த கோஹோ சால்மன்,
வயிறு கீறிய படம்.
உள்ளே முட்டை அத்தனையும் அப்படியே.

"உன் டயர்தான், டெல்பர்ட்."
கோபமில்லாமல் சொன்னாள்.
அதுதான் உறுத்தியது.

சாலையில் தேயும் கறுப்புத் தூளை
மழை வழித்துக்கொண்டு
சாக்கடைக் கம்பி வழியே நேரே ஓடைக்குப் போகிறது.
நடுவில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

மார்ச்சில் வெட்டினேன்,
கடை முன்னால், இரண்டு கார் நிற்கும் இடத்தில்.
கான்கிரீட்டைப் பெயர்த்தபோது
"பொண்டாட்டியைப் புதைக்கவா?" என்றான் ஒரு வாடிக்கையாளன்.
இடுப்பளவு தோண்டி
மூன்று பங்கு மணல், இரண்டு பங்கு மட்கு.
மேலே ஒரு முழம் பள்ளம் விட்டு
கோரை, நாணல், பெயர் வாயில் நுழையாத
சிவப்புத் தண்டுச் செடி.
தெருவோரக் கல்லை உடைத்துத்
தண்ணீருக்கு வாசல் வைத்தேன்.
முதல் மழை வாசலைத் திரும்பியும் பாராமல்
தாண்டிப் போயிற்று.
மறுபடி உடைத்தேன், இரண்டு அங்குலம் தாழ்த்தி.

மீண்டும் அக்டோபர்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றேன்.
ஆறிய காப்பி நிறத்தில் ஓடி வந்த தண்ணீர்
வாசலருகே தயங்கி, உள்ளே திரும்பி,
உட்கார்ந்தது.
கழுத்து மட்டும் வெளியே தெரிய நின்றது கோரை.
ஒரு சிகரெட் பஞ்சு சுற்றிச் சுற்றி வந்தது.
மறுநாள் மதியம் குழியில் தண்ணீர் இல்லை;
கறுப்பாய் ஒரு பொருக்கு, அவ்வளவுதான்.
கொசு வரும் என்று புகார் எழுதிய
பக்கத்துப் பல் டாக்டர்
கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மரெட்டா இந்த வருடமும் எண்ணினாள்.
"குறைந்ததா?" என்று கேட்டேன்.
கையுறையைப் பிழிந்தாள்.
"உன்னுடையது ஒரு குழி, டெல்பர்ட்.
ஓடைக்கு மேலே நானூறு தெருமுனை."

அன்று எட்டு டயர் விற்றேன்.
இரண்டு கார்களும் ஈரச் சரிவில்
மெல்ல இறங்கிப் போயின,
அப்போதே தேயத் தொடங்கி.