வாய்

யீஷூன், பதினோராம் மாடி. விடிய இன்னும் இரண்டு மணி.
முதல் இழுப்பிலேயே தாடை எரிந்தது.
கத்தியை விளக்கில் திருப்பினேன்:
வாயோரம் ஒரு பொட்டு வெளிச்சம்.
கூரான இடம் மின்னாது.

நேற்றிரவு ஏர்கான் பில்லுக்காகச் சண்டை.
தவமணி கதவைச் சாத்திய பிறகு
சன்னல் கம்பியில் கட்டிய தோல் வாரில்
ஐம்பது இழுப்பு.
கணக்குச் சரி. கை சரியில்லை.
எண்ணெய் தடவவும் மறந்திருக்கிறேன்;
இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே இரவு போதும்.

சாணைக்கல்லை நனைக்கிறேன்.
முதுகு படிய, அழுத்தாமல்.
கத்தியின் கனமே போதும்,
கரகரப்பு அடங்கி
கல்லில் தண்ணீர் மட்டும் கேட்கும்வரை.
பிறகு வார். மெதுவாக.

பாதி முகம் நுரையோடு நிற்கையில்
“பஸ் எடுக்க நேரமாகலையா?”
உள்ளிருந்து அவள் குரல்.

வாயைத் திறக்குமுன்
கட்டைவிரல் நகத்தில்
கூர் பார்த்துக்கொள்கிறேன்.