எதிர்காலத்தில் எழுதப்பட்ட கோப்பு

கெம்ச்சியில் மழை பெய்தால்
யாரும் அதைச் செய்தியாகச் சொல்வதில்லை.
நின்றால் சொல்வார்கள்.

எங்கள் சிப்பிக் கூட்டுறவின் கணக்கு மடிக்கணினி
நகராட்சி ஏலத்தில் வந்தது.
முன்னே வைத்திருந்தவர் எவரோ
அதன் முதுகில் ஒட்டிய கால்பந்துக் கழகச் சின்னம்
கத்தியால் சுரண்டியும் போகவில்லை.
மின்கலம் செத்துப் பல காலம்.
சார்ஜர் முனை ஒரே ஒரு சாய்வில்தான் பிடிக்கும்.
அந்தச் சாய்வுக்கு
ஓர் உருளைக்கிழங்கை முட்டுக்கொடுத்திருக்கிறேன்,
ஊதா ரகம், நடுத்தர அளவு.
முளைவிட்டால் மாற்றுவேன்.

அதற்கு இன்னொரு நோயும் உண்டு.
ஒவ்வொரு காலையும் விழித்தவுடன்
இரண்டாயிரத்து ஒன்பது, சனவரி ஒன்று என்று சாதிக்கும்.
அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள்
இன்றைய தேதியை நான்தான் சொல்லித்தர வேண்டும்.
சொல்லும்வரை,
நேற்று மாலை நான் மூடிவைத்த கோப்பைக் காட்டி
‘இது எதிர்காலத்தில் எழுதப்பட்டது’ என்று எச்சரிக்கும்.

எதிர்காலம்தான்.
அந்தச் சனவரி ஒன்றில்
என் மகள் மில்லாராய் பிறக்கவில்லை.
கடல் சிவந்து சிப்பியெல்லாம் நஞ்சான வருடம் வரவில்லை.
கடன் பத்திரத்தில் என் கையெழுத்து இல்லை.
படகில் போனவர்கள் எல்லோரும்
திரும்பி வந்திருந்தார்கள்.

நான்கு எண்களைத் தட்டி
அத்தனையையும் மறுபடி நடக்க விடுவேன்
தினமும் காலை எட்டு மணிக்கு.

போன வாரம் வங்கி சொல்லிவிட்டது:
உங்கள் கணினி மிகப் பழையது, உள்ளே விட முடியாது.
வெள்ளிக்கிழமை பதினொரு பேருக்குக் கூலி.
புதிய இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் போட்டு
அதை நெகிழி உறையில் போட்டு
உறையைக் கம்பளிக் காலுறையில் போட்டு
கொண்டுவந்தான் ஃப்ரொய்லான்,
அடைகாக்க வைக்கும் முட்டையைப் போல.

‘தயவுசெய்து கணினியை அணைக்காதீர்கள்.’
மாலை ஏழு மணி. பன்னிரண்டு சதவீதம்.
உள்ளே விசிறி, வெளியே வடகாற்று,
எது எது என்று பிரிக்க முடியவில்லை.
முப்பத்தேழில் நின்றது.
ஒன்பதரைக்கும் முப்பத்தேழு.
உருளைக்கிழங்கு இருந்த பக்கம்
இருவரும் மூச்சுவிடவில்லை.

விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது.
ஃப்ரொய்லான் மழையில் ஓடி
தன் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்தான்.
வந்த பிறகுதான் உறைத்தது:
அதில் மாட்டுவதற்கு
இதில் ஒரு கணம் கழற்ற வேண்டும்.
அந்த ஒரு கணம்தான் எங்களிடம் இல்லை.
வாசலில் சொட்டச் சொட்ட நின்றது ஜெனரேட்டர்,
அழைக்காமல் வந்துவிட்ட மாமனைப் போல.

அன்றிரவு மின்சாரம் போகவில்லை.
அதுவும் இங்கே செய்திதான்.

மூன்று மணி பத்து நிமிடம்.
எந்த நாட்டு மலையோ, திரையெங்கும் நீலம்.
என் பெயர் கேட்டது.
எதெல்வினா என்று தட்டினேன்.
‘எதெல்வினா, எல்லாம் தயார்’ என்றது.
நம்பித் தூங்கினேன்.

காலையில்,
அதே அழகான மலையின் மூலையில்,
இரண்டாயிரத்து ஒன்பது, சனவரி ஒன்று.

ஃப்ரொய்லான் சிரித்துக்கொண்டே
அதைக் கவிழ்த்துப் போட்டுத் திறந்தான்.
கழற்றியது ஒன்பது திருகாணி,
திரும்பப் பூட்டியது எட்டு.
உள்ளே தூசி,
எங்கள் இருவருடையதும் அல்லாத ஒரு நரைமுடி,
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி.
“இது தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்” என்றான்.
புதியதற்குக் கடைக்குப் போகவில்லை,
சமையலறைத் தராசிலிருந்து பிடுங்கினோம்.

மறுநாள் எட்டு மணிக்கு
அது எதையும் கேட்கவில்லை.
தேதி அதற்கே தெரிந்திருந்தது.
என் விரல்தான் எண்களின்மேல் போய் நின்று
தண்ணீர் பொங்கி அடுப்பில் வழியும்வரை
அங்கேயே இருந்தது.

பதினொரு பேருக்கும் கூலி போய்விட்டது.
தராசு இருண்டு கிடக்கிறது.
கிழங்கில் முளை.
இன்னொன்றை எடுத்து
உள்ளங்கையில் தூக்கிப் பார்க்கிறேன்,
ஏறத்தாழ அதே கனம்.