ஆறாம் வேற்றுமை

பிஷப் தெரு. கீழே கண்ணாடிக் கடை,
எந்நேரமும் யாரோ சட்டம் அடிக்கிறார்கள்.
மாடியில் நான்: மொழிபெயர்ப்பு, சத்தியப் பிரமாணம், முத்திரை.

மழைக்குச் சற்று முன் வந்தாள் தெக்லா,
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி.
பத்திரம் பிளாஸ்டிக் உறையில், உறை ஒரு மிக்சர் பையில்.
"பிரேயுஸ்ல கட்டினது. மலாய்ல வேணுமாம் பதிவிலாகாவுக்கு.
பதிஞ்சாத்தான் பிரிக்கலாமாம்."
சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

கிரேக்கம் எனக்குக் குருமடத்தில் வந்தது.
மூன்று வருஷம். குருவும் ஆகவில்லை, கல்யாணமும் ஆகவில்லை.
மலையிறங்கும்போது சொற்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன.

தேடினேன். பத்திரம் முழுக்க
அந்தச் சொல் ஒரு தடவைகூட எழுவாயாக நிற்கவில்லை.
காமு, காமு, காமு.
திருமணத்தின் பதிவு, திருமணத்தின் நாள்,
திருமணத்தின் இடம்.
எல்லாம் அதனுடையவை.
அது எங்கே?

"காமோஸ்" என்றேன், இழுத்து எழுவாயில் நிறுத்தி.
சிரித்தாள். "க-வை உடைக்காதீங்க சார்.
'அகம்'னு சொல்றப்போ நடுவுல தேயுமே, அந்தக் க."

காமத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றேன்,
அவள் கேட்காமலே.
வேர் எதுவென்று அகராதிகளுக்குள் சண்டை.
பக்கத்தில் நிற்பது மருமகனைக் குறிக்கும் சொல் ஒன்றுதான்,
மாமனார் வீட்டில் எங்கே உட்காருவதென்று தெரியாமல்.

பழைய கிரேக்கத்தில் ஆண் செய்வான்: காமெயோ.
பெண்ணிடம் அதே வினை வாலை மடித்துக்கொள்ளும்: காமெயோமாய்.
செய்வினையுமில்லை, செயப்பாட்டுமில்லை, இடையில் ஒன்று.
நம் 'கொள்' மாதிரி என்றேன்.
கட்டினான். கட்டிக்கொண்டாள்.

"எங்க வீட்ல கொள்ளெல்லாம் இல்ல சார், படுதான்.
சித்தப்பா ஃபோன்ல அழுதார்,
எவனுக்கோ வாழ்க்கைப்பட்டுட்டியேன்னு.
கிரிகோரிஸுக்காக ஒருத்தரும் அப்படி அழலை.
அவரும்தானே பட்டார்."

அந்தப் பெயருடைய புனிதை
மாப்பிள்ளை வேண்டாமென்று ஊரைவிட்டே போனவள்.
சொல்ல வாயெடுத்து, தண்ணீர் குடித்தேன்.

"நீங்க சொன்ன பழைய வினைய
அங்க இப்ப சபையில சொல்ல முடியாது.
எஞ்சின் அறையில திருகு வழுக்கினா சொல்வார்.
அவங்கம்மா காதைப் பொத்திக்குவாங்க.
கட்டிக்கிறதுக்கு வேற வார்த்தை. பந்த்ரேவொமே."
என் மேசைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே 'கீழ்'. அதற்கும் உள்ளே 'ஆண்'.
ஆணுக்குக் கீழே போகிறேன்.

"அவர்? அவர் என்ன சொன்னார்?"

"அதேதான். ஆம்பளையும் அதையேதான் சொல்லணும்."

கொஞ்சநேரம் எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.
பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்,
கண்ணைத் துடைக்கிற அளவுக்கு.
மழை பிடித்துக்கொண்டது.
கீழே தகரக் கதவை இறக்கினார்கள்,
ஆனாலும் சட்டம் அடிப்பது நிற்கவில்லை.

மலாய்க்கு வந்தேன். அங்கே வேற்றுமை உருபு கிடையாது,
வினைக்கு வாலும் கிடையாது.
அவனும் தியா, அவளும் தியா.
தியாவும் தியாவும் கஹ்வின்.
இருபது நிமிஷத்தில் ஒரு பக்கம்.

வாங்கி, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.
கிரேக்கத் தாளில் ஓரிடத்தில் விரல் நின்றது.
"நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்.
என் பேருக்குப் பின்னால இந்த ஸ் எதுக்கு?"

"உருபு அது. தெக்லாஸ் என்றால் தெக்லாவின்."

"என்னோட என்னவாம்?"

பார்த்தேன். பக்கத்துக் கட்டம் காலி,
கோடு மட்டும் இழுத்திருந்தது.

"மலாய்ல?"

"வெறும் தெக்லா."

எண்பது வெள்ளியை எண்ணி வைத்தாள்.
முத்திரையின் மை காயட்டும் என்றேன்.
தாளைக் கையில் விரித்துப் பிடித்து
வாயால் ஊதிக்கொண்டே படியிறங்கினாள்.