பதினாலு சென்டிமீட்டர்

சப்போரோவில் மெட்ரோ முடிகிற இடத்தில் பஸ் பிடித்து
அந்த பஸ்ஸும் முடிகிற இடம்தான்
எனக்கு ஒதுக்கிய பகுதி.
அதற்கு அப்பால் கதவு எண் கிடையாது.
மலைக்கு யாரும் வரி ரசீது அனுப்புவதில்லை.

ஜனவரியில் என்னைக் கூப்பிடுவது பனிக்காக.
நொஜிரி தன் வாசலை வழித்து
எதிர்வீட்டு மதிலோரம் தள்ளிவிட்டாராம்.
எதிர்வீட்டு மினேகோ
பழுப்பு நோட்டில் தேதிவாரியாகக் குறித்திருக்கிறார்:
பதினோராம் தேதி ஆறு மண்வாரி,
பன்னிரண்டாம் தேதி ஒன்பது.
டேப்பை இழுத்துக் குவியலை அளந்து
எல்லைக்கல்லைத் தேடுகிறேன்.
அது அடியில் எங்கோ
ஏப்ரலுக்காகக் காத்துக் கிடக்கிறது.
யாருடைய பனி இது, சொல்லுங்கள் என்கிறார்கள்.
சைபீரியக் காற்று கடல் தாண்டிக் கொண்டுவந்தது
என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

செப்டம்பரில் அதே டேப்.
வியாழன், குப்பை எடுக்கும் நாள்.
வலைக்கூண்டு கவிழ்ந்திருக்கிறது.
மீன்தலை வைத்த பை மட்டும்
கழுவிவிட்டதுபோல் சுத்தம்.
ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாக
கரடி, கரடி என்று போகிறது,
சுட்ட சர்க்கரைவள்ளி விற்கிற வண்டியைவிடக்
கொஞ்சம் மரியாதையான குரலில்.
பள்ளிப் பைகளில் கட்டிய மணிகள்
சரிவில் இறங்கிப் போகின்றன.

மினேகோவின் வால்நட் மரத்தடியில்
ஈரமண்ணில் ஒரு காலடி.
முன்னங்கால். அகலம் பதினாலு சென்டிமீட்டர்.
எழுதினேன்.
மரத்தை வெட்டிவிடுங்கள் என்றேன்;
படிவத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.
அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
நொஜிரி கூப்பிடாமலே வந்தார், ரம்பத்தோடு.
ஜனவரியிலிருந்து பேசாதவர்கள்
ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள்.
மரம் சரியாக
எல்லைக்கல்லின் மேலேயே விழுந்தது.

டேப்பைச் சுருட்டக் குனிந்தபோதுதான் கண்டேன்
அந்தக் காலடிக்கு உள்ளேயே இன்னொன்று.
எட்டு இருக்கலாம், ஏழரை இருக்கலாம்.
குட்டி, தாய் வைத்த இடத்திலேயே
கால் வைத்து நடந்திருக்கிறது,
பனிநாளில் என் மகள்
என் பின்னால் வருகிறமாதிரி.

எண்ணிக்கை என்று ஒரு கட்டம் பாக்கி இருந்தது.
ரம்பத்தூள் பறந்துவந்து
சுவட்டை நிரப்பிக்கொண்டிருந்தது.
ஒன்று என்று எழுதினேன்.

பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்.
சிதறிய காய்களை இருவரும் பொறுக்கி
ஒரே வாளியில் போட்டார்கள்.
வாளி யாருடையது என்று
என்னை யாரும் கேட்கவில்லை.